பாய் பூட்டு

போர்வெல்லுக்குள் இறங்கியிருக்கும் மோட்டாரை மேலே எடுப்பது, வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு எளிய வேலையாகத் தெரியும். லாரியின் பின்பக்கம் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் உருளை, உருளையில் கம்பிக் கயிறு, கயிற்றின் நுனியில் பைப். ஒரு பைப் நீளம் மேலே வந்ததும் கயிற்றை நிறுத்துவோம். அடுத்த பைப்பின் கழுத்தில் கிளாம்பை மாட்டித் துளையின் வாயில் உட்கார வைத்துவிட்டு, மேல் பைப்பைக் கழற்றுவோம். அந்த நேரத்தில் பூமிக்குள் தொங்குகிற அத்தனை பைப்பும், அடியில் இருக்கும் மோட்டாரும், பைப்புக்குள் நிற்கும் தண்ணீரும் அந்த ஒரு கிளாம்பின் பிடியில்தான் நிற்கும். கிளாம்பு என்றால் இரண்டு இரும்புப் பட்டையும் நாலு போல்ட்டும்தான். போல்ட்டை நாங்கள் ஸ்பேனரால் முறுக்குவோம். எவ்வளவு முறுக்கினால் போதும் என்பது கைக்குத்தான் தெரியும்.

அன்னூர்ப் பக்கம் தண்ணீர் ஒவ்வொரு கோடைக்கும் கீழே போய்க்கொண்டே இருந்தது. துளை ஆழமானது, பைப் கூடியது, எடை கூடியது. கிளாம்பு மட்டும் பழையபடியே இருந்தது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று கிளம்பினேனே தவிர, எது வேண்டும் என்று தெரியாது. திருப்பூரில் சாயப்பட்டறை, பொள்ளாச்சியில் தேங்காய் உரிப்பு, பாலக்காட்டில் செங்கல் சூளை என்று போய்க்கொண்டிருந்தேன். ஒரு இடம் பழகிவிட்டால் அங்கே தூக்கம் வராது. அப்படித்தான் அன்னூரில் ஒரு லாரிக்காரரிடம் வந்து சேர்ந்தேன். நல்ல மனிதர். யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லமாட்டார். நாங்கள் அவரை அண்ணன் என்போம்.

எங்களோடு ஆனைமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். என்னைவிட மூத்தவர், வாய் ஓயாதவர். ஒரு மத்தியானம் ஒரு தோட்டத்தில் மோட்டார் எடுத்துக்கொண்டிருந்தோம். பைப்பின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. கிளாம்பை உட்கார வைத்து அவர் கையை எடுப்பதற்குள் பைப் நழுவியது. கிளாம்புக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவில் அவருடைய வலது கை இருந்தது. பிறகு பைப் முழுவதும் உள்ளே போனது. அது போகிற சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

தோட்டக்காரர் ஓடிவந்து முதலில் கேட்டது இதுதான்: "மோட்டார் உள்ள போயிருச்சுங்களா?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மோட்டாரை நம்பித்தான் அவருடைய வாழை நின்றது.

ஆனைமலைக்காரருக்குக் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பியதும் அண்ணன் அந்தக் கிளாம்பை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். அதைச் செய்தவர் கணபதி என்கிற இடத்தில் பட்டறை வைத்திருந்தார். கோட்டைமேட்டுக்காரர். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். சுற்றியுள்ள லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கிளாம்பு அவரிடமிருந்துதான் வரும். எல்லோருக்கும் அவர் பாய்.

பாய் கிளாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணன் அவர் மனம் நோகக்கூடாது என்று சொன்னார்:

"உங்க மேல ஒண்ணுமில்லீங்க பாய். நாங்கதான் போல்ட்டைச் சரியா முறுக்கல."

"முறுக்காம வுட்டா நழுவற சாமானை நான் எதுக்குங்க செஞ்சு குடுக்கறது?" என்றார் பாய். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு லேத்தை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் போல்ட் போட்ட கிளாம்பு செய்யவே இல்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். பட்டறையில் வேலை குறைந்தது. கை போன ஆனைமலைக்காரரைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒரு கையால் என்ன வேலை செய்வார் என்று எல்லோரும் கேட்டார்கள். புதிதாகச் செய்வதை மாட்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை.

"பாய், எனக்கு ஒரு கை பாக்கி இருக்குதுங்க. பாத்துச் செய்யுங்க," என்பாராம் ஒவ்வொரு முறையும்.

பாய் செய்தது இதுதான். ஒரு கனமான இரும்புக் கிண்ணம், உள்ளே சரிவாக மூன்று பல் வைத்த தாடைகள். பைப்பின் எடை கீழே இழுக்க இழுக்கத் தாடைகள் இறுகும். முறுக்க போல்ட் இல்லை. திறக்கக் காலால் மிதிக்கும் ஒரு கட்டை. கை துளையின் பக்கமே போக வேண்டாம். பெட்ரோல் தோண்டுகிற இடங்களில் இதுபோன்ற தாடைகள் வெகுகாலமாக இருக்கின்றன என்று பாயே சொல்வார். போனில் படம் காட்டுவார். அவருடையது என்று அவர் சொன்னது ஒரு சின்ன நாக்கைத்தான். எடை தொங்கும்போது தாடைகள் கீழே இறங்கும். அப்போது அடியிலிருந்து அந்த நாக்கு வெளியே வந்து மிதிகட்டையை மறித்துக்கொள்ளும். கயிறு எடையைத் தூக்கிய பிறகுதான் நாக்கு உள்ளே போகும், மிதி இறங்கும்.

"தொங்கிட்டு இருக்கிற வரைக்கும் எவன் மிதிச்சாலும் தொறக்கக் கூடாது. ஆனையே வந்து மிதிச்சாலும் தொறக்கக் கூடாது," என்றார்.

ஒரு பொங்கல் முடிந்து அதை முதலில் எங்கள் லாரிக்குத்தான் கொடுத்தார். பிறகு அவினாசி, புளியம்பட்டிப் பக்கத்து லாரிகளுக்கும் கொடுத்தார். யாரிடமும் விலை பேசவில்லை. எங்கள் பக்கத்தில் புதுச் சாமான் அப்படித்தான் கைமாறும். "ஓட்டிப் பாருங்க, புடிச்சுதுன்னா பேசிக்கலாம்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வெள்ளாமையோ ரெண்டு வெள்ளாமையோ ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் வாங்குவார்கள். யாரோ பாய் பூட்டு என்று சொல்ல, அந்தப் பெயர் நின்றுவிட்டது.

அது நழுவாது என்பது அந்த லாரியில் வேலை பார்த்த எனக்கு நேரடியாகத் தெரியும். அதை மாட்டிய பிறகு நாங்கள் பீடி பிடித்துக்கொண்டு வேலை செய்தோம்.

அந்த வருடக் கடைசியில் இரும்பு வார்க்கிற ஒரு பெரிய பவுண்டரியிலிருந்து ஆள் வந்தார். மொத்தமாகச் செய்து விற்கலாம், பாய்க்குப் பங்கு தரலாம் என்றார். பாய் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: நாக்கை எடுக்கக் கூடாது. வந்தவர் சிரித்தார்.

"அந்த பீஸுக்குத்தானுங்க பாய் பாதி மெஷினிங் போகுது. தாடை புடிச்சாப் போதாதுங்களா?"

பாய் அவரை அனுப்பிவிட்டார். ஆனால் பயம் வந்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் பேட்டன்ட் விஷயம் பார்க்கிற ஒரு வக்கீலம்மாவிடம் போனார். பேட்டன்ட் எதற்கு என்று ஆனைமலைக்காரர் கேட்டதற்கு பாய் சொன்ன பதிலை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "எல்லாரும் செய்யட்டும். நாக்கு இல்லாமச் செஞ்சா மட்டும் நிறுத்தறதுக்கு எனக்கு ஒரு உரிமை வேணும்."

வக்கீலம்மா கேட்டது இரண்டே கேள்வி. விற்றீர்களா? இல்லை. வெளியே எப்போது கொடுத்தீர்கள்? இந்தப் பொங்கலுக்குப் பிறகு. வக்கீலம்மாவுக்கு நிம்மதி. பொதுவில் பயன்பட்டுவிட்ட பொருளுக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம். ஆனால் பொதுவில்தான் சோதிக்க முடியும் என்கிற பொருளை, விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் சோதித்திருந்தால் வாதாட இடம் உண்டு என்றார். அந்த வருடம் முடிவதற்குள் மனு போட்டுவிட்டார்.

பவுண்டரியின் பூட்டு அடுத்த கோடையில் கடைகளுக்கு வந்தது. சிவப்புப் பெயின்ட், பார்க்க அழகாக இருக்கும். பாய் ஒன்றை வாங்கி வந்து எடை தொங்கவிட்டார். மிதித்தார். திறந்துகொண்டது. மனு நடந்துகொண்டிருக்கும்போது அவரால் யாரையும் தடுக்க முடியாது. பேட்டன்ட் வரட்டும் என்று காத்திருந்தார். பவுண்டரிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பேட்டன்ட் கொடுக்கக் கூடாது என்று எதிர்மனு போட ஆயத்தம் செய்தார்கள்.

அப்போதுதான் ஒரு நாள் நாங்கள் வேலை செய்யும் தோட்டத்துக்கு ஒருவர் காரில் வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு வந்தார்.

"ஏனுங்க, பேட்டன்ட் விசயமா வந்திருக்கேனுங்க. பாய் பூட்டு ஓட்டறீங்கன்னு சொன்னாங்க. எப்படீங்க இருக்குது?"

பொய் ஒன்றும் சொல்லவில்லை அவர். பேட்டன்ட் விசயம்தான். அண்ணன் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்றால், பாய்க்குக் கொடுப்பதற்காகச் சர்க்காரிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரைப் பற்றி விசாரித்து வந்தால் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பொண்ணு பார்க்கவோ, மாப்பிள்ளை பார்க்கவோ, வேலைக்கு வைக்கவோ வந்து கேட்பார்கள். கேட்கப்பட்டவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இரண்டு வருடப் பழக்கத்தைப் பத்து வருடம் என்பார். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அளந்து சொன்னால்தான் சந்தேகப்படுவார்கள்: என்ன இழுக்கிறார், ஏதோ இருக்கிறது.

அண்ணன் அந்த முறைப்படி பேசினார்.

"அஞ்சு வருசமா ஓட்டறேனுங்க. ஒரு நாள் நழுவுனதில்லை. நானே பத்துப் பேருத்துக்குச் சொல்லி வுட்டிருக்கறேன்."

"அஞ்சு வருசமுங்களா?"

"அஞ்சுக்கு எச்சே இருக்குமுங்க. இந்தப் பக்கம் அதைத் தெரியாத ஆளே இல்லீங்க கண்ணு."

உண்மையில் முதல் பூட்டு எங்கள் கைக்கு வந்து இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது. வந்தவர் எழுதி வாசித்துக் காட்டினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார், இளநீர் வெட்டிக் கொடுத்தார், நோட்டரி முன்னால் ஒரு தடவை வந்து நிற்க வேண்டும் என்றதற்குச் சந்தோஷமாகப் போய் நின்றுவிட்டும் வந்தார். புளியம்பட்டி லாரிக்காரர், அண்ணன் ஐந்து என்று சொன்னதைக் கேள்விப்பட்டு, "அவனுக்கே அஞ்சுன்னா எனக்கு ஆறு" என்று சொல்லியிருக்கிறார். பாய்க்கு யார் அதிகம் செய்தது என்று அவர்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது.

எதிர்மனு வந்த பிறகு வக்கீலம்மா பாயைக் கூப்பிட்டார். அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனார் பாய். வண்டி ஓட்டிக்கொண்டு நானும் போனேன். பவுண்டரிக்காரர்கள் எதிர்மனுவோடு கொடுத்திருந்த வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக வக்கீலம்மா வாசித்தார். தன் பெயர் வந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் தாளில் இருக்கிறது என்று அவருக்குப் பெருமை. வாசித்து முடித்துவிட்டு வக்கீலம்மா பாயையே பார்ப்பதைக் கவனித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"நல்லதுதானுங்களே அம்மணி சொல்லியிருக்கறேன்?"

"நல்லதுதாங்க. ஆனா மனு போடறதுக்கு முன்னாடியே மூணு நாலு வருசம் ஊரே ஓட்டுச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்படீன்னா இது புதுசு இல்லீங்க."

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

"தெரியுதுங்க. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கீங்களே."

அண்ணன் மாற்றி எழுதித் தருகிறேன் என்றார். மற்றவர்களும் மாற்றினால்தான் பலன் இருக்கும், அப்போதும் முன்பு சத்தியம் செய்து பொய் சொன்னீர்களா என்று கேட்பார்கள் என்றார் வக்கீலம்மா. நாங்கள் புளியம்பட்டிக்குப் போய்க் கேட்டோம். அந்த லாரிக்காரர் நீண்ட நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "ஊருக்குள்ள என்னையப் பொய்க்காரன்னு நிறுத்திப் போடாதீங்க பாய். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க," என்றார்.

பாய் அவரை வற்புறுத்தவில்லை. திரும்பி வரும்போது வண்டியில், "என்ற சாமான் நல்லாருக்குன்னு சொன்னவன் கிட்டப் போயி நான் என்னன்னு சண்டை போடறது," என்று மட்டும் சொன்னார். அண்ணன் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தார்.

அண்ணன் மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தார். விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. பேட்டன்ட் அதிகாரி கடுமையாக ஒன்றும் பேசவில்லை. எந்தச் சத்தியத்தை நம்புவது என்று கேட்டார். பேட்டன்ட் மறுக்கப்பட்டது. அதிகாரி எழுதியது சட்டப்படி சரிதான் என்று வக்கீலம்மாவே சொன்னார். மேல்முறையீட்டுக்கு பாய் போகவில்லை.

ஆனைமலைக்காரர் பட்டறையில் இருந்தவர்களைப் பார்த்து, "எனக்குக் கை போயி எத்தனை வருசம்னு கார்ல வந்த ஆளு கேட்டிருந்தான்னா, பத்துன்னு சொல்லியிருப்பீங்க," என்றார். அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. மங்களூரில் மீன்பிடிப் படகில் கொஞ்ச காலம், ஹோசூரில் செக்யூரிட்டி வேலை கொஞ்ச காலம். ஹோசூரில் இருந்தபோது ஆனைமலைக்காரர் போன் செய்தார். புளியம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் சிவப்புப் பூட்டு திறந்துகொண்டது. கயிறு இன்னும் எடையைத் தூக்கவில்லை. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரிசாக்காரர் மிதியில் காலை வைத்திருக்கிறார். பைப்பைக் கழற்ற மாட்டியிருந்த செயின் ரெஞ்ச் இன்னொருவரின் மார்பில் அடித்துக்கொண்டே கீழே போனது. அவர் அங்கேயே இறந்தார்.

போலீஸ் வந்து என்ன பூட்டு என்று கேட்டிருக்கிறது. அங்கே இருந்தவர்கள் பாய் பூட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பூட்டு எல்லாவற்றுக்குமே அதுதான் பெயராகியிருந்தது. கணபதிக்கு ஜீப் வந்தது. பாய் தன்னுடையதையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர்கள் புரிந்துகொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஜீப் வந்து நின்றதைத் தெரு பார்த்தது. பாய் பூட்டு ஆளைக் கொன்றுவிட்டது என்ற பேச்சு லாரிக்காரர்களிடம் பரவியது. பாயிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். சிவப்புப் பூட்டு மட்டும் தொடர்ந்து விற்றது. அதன் டப்பாவில் வேறு பெயர் இருந்ததல்லவா.

நான் திரும்பி வந்தபோது பட்டறையில் லேத் இல்லை. விற்றுவிட்டிருந்தார். வெல்டிங் செட் ஒரு சரக்கு ஆட்டோவில் ஏறியிருந்தது. பாய் சின்னச் சின்ன நாக்குகளாக வெட்டி ஒரு வாளி நிறைய வைத்திருந்தார். சிவப்புப் பூட்டு வைத்திருக்கிற லாரிகளைத் தேடிப்போய், அதில் நாக்கைப் பொருத்தி வெல்டிங் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு வாங்குவதில்லை. ஆட்டோ ஓட்ட ஆள் இல்லை என்றார். நான் ஏறிக்கொண்டேன்.

எல்லோரும் விடமாட்டார்கள். சிலர் பேசாமல் கழற்றிக் கொடுப்பார்கள். சிலர் வாரண்டி போய்விடும் என்பார்கள். சிலர், "பாய், உங்களுது ஆளைக் கொன்னுபோட்டுது, இப்ப அடுத்தவனுதைச் சரி பண்ண வந்துட்டீங்களா," என்பார்கள். பாய் அதைக் கேட்டுவிட்டு, வெல்டிங் செட்டுக்குக் கரண்ட் எங்கே எடுக்கலாம் என்று மட்டும் கேட்பார்.

போன வாரம் அவினாசிக்கு வடக்கே ஒரு தோட்டத்துக்குப் போனோம். பாதிப் பைப் வெளியே வந்திருந்தது. லாரிக்காரர் முடியாது என்றுவிட்டார்.

"நடு வேலையில வந்து பூட்டைக் கழட்டுங்கறீங்க. ரோசனை பண்ணிப் பேசுங்க பாய். அடுத்த தடவை பாத்துக்கலாம், போயிட்டு வாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எடை தொங்கும்போது பூட்டைக் கழற்ற முடியாது. மிதிகட்டையருகே நின்றவர் வடக்கத்தி ஆள். பாய் அவரிடம் போய்த் தனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில், கயிறு இறுகும்வரை காலை அங்கே வைக்காதே என்று சொன்னார். அவர் தலையாட்டிக் காலை எடுத்துத் தள்ளி நின்றார்.

நாங்கள் ஆட்டோவைக் கிளப்பினோம். வாய்க்கால் மேடு வரை வந்திருப்போம். பாய் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தார். நிறுத்தச் சொன்னார். நானும் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் களைப்பில் ஒரு காலைத் தூக்கி மிதிகட்டையின் மேல் வைத்துக்கொண்டு நின்றார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் படியில் கால் வைப்பது போல.

ஆட்டோவைத் திருப்பினேன்.

"மறுபடியும் என்னுங்க?" என்றார் லாரிக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, மிதிகட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு பாய் உட்கார்ந்தார். அந்த ஆளின் கால் நகர்ந்த ஒவ்வொரு முறையும் கையை நீட்டி மறித்தார். லாரிக்காரர் முதலில் முனகினார், பிறகு விட்டுவிட்டார். மோட்டார் வெளியே வரும்வரை அங்கேயே இருந்தோம். அன்றைக்குப் போக வேண்டியிருந்த மற்ற இடங்களுக்குப் போக முடியவில்லை. அங்கேயும் வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.